வால்வில் கரகரப்பு

“எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று டாக்டரம்மா கேட்டது அவளிடம். “ரெண்டு மாசமாங்க” என்று சொன்னது மைக்செட்காரர்.

அது அவர் பழக்கம். மனைவியின் தொண்டைதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது, அதைக் கண்ட இடத்தில் செலவழிக்கக் கூடாது என்று கடையில், பஸ்ஸில், வீட்டுக்காரரிடம் எல்லாம் அவரே முந்திக்கொண்டு பேசிவிடுவார். “அத்தான் இருக்கையில எங்க அக்காவுக்கு வாய் எதுக்கு?” என்று மைத்துனி கேலி செய்வாள். அன்றைக்கும் அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லி முடித்துவிட்டார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்பவும் பார்த்தார்.

“ரெண்டு மாசத்துல இவ்வளவு வளர்றது அபூர்வம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ரெண்டு மாசம்தாங்க. அதுக்கு முன்னாடி மெஷின்லதான் கோளாறு. குரல்ல இல்ல.”

“எந்த மெஷின்?”

“வீட்டுல ரெக்கார்டிங் பண்ற மெஷின்.”

டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை, வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரலால் புற்றுக் கட்டி இருந்த இடத்தைத் தொட்டார். “குரல்வளையை மொத்தமா எடுத்துடணும். கழுத்துல துளை வெச்சு அது வழியா மூச்சு விடுவாங்க. சாப்பிடலாம், நடக்கலாம், எல்லா வேலையும் பாக்கலாம். பேச்சு மட்டும் இருக்காது.”

“கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?” இதை அவள் கேட்டாள். காற்றும் கரகரப்புமாக வந்தது.

“ஏழெட்டு மாசம் முன்னாடின்னா கதிர்வீச்சு மட்டும் வெச்சே பாத்திருக்கலாம். குரலும் தப்பிச்சிருக்கும். இப்ப அதைப் பேசி என்னம்மா ஆகப்போகுது? வியாழக்கிழமை ஆபரேஷன். புதன்கிழமையே வந்து சேர்ந்துடுங்க.”

அன்று வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது, “பாலைக் காய்ச்சணும், நேத்து ஃபிரிட்ஜைப் போட மறந்துட்டோம்” என்றாள்.

ஃபிரிட்ஜை மறப்பது அந்த வீட்டில் அடிக்கடி நடக்கிற கதை. இரண்டே அறை. உள் அறையில்தான் பதிவு. பதிவு தொடங்கும்போது ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்தில் படுக்க வைக்க வேண்டும். பீரோவை விரியத் திறந்து, தொங்குகிற துணிகளுக்கு நேராக அவள் உட்காருவாள், எதிரொலி வராமலிருக்க. முதுகுக்குப் பின்னால் இரண்டு மெத்தைகள் நிமிர்த்தி வைத்திருக்கும். ஜன்னலுக்குக் கம்பளி. அதற்குள் காற்று எப்படி வரும்? அரை மணி நேரத்தில் இருவரும் குளித்தெழுந்த மாதிரி நனைந்துபோவார்கள். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் வாசிப்பாள். கண் தெரியாத மாணவர்களுக்கான பாடங்கள். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, அறிவியல், வரலாறு, பூமி, வானம். கல்யாணத்துக்கு முன் தொலைபேசி அலுவலகத்தில் நம்பர் சொல்லிச் சொல்லித் தேய்த்த நாக்கு, எந்தச் சொல்லிலும் இடறாது.

எதிர்வீட்டில் கடைசல் பட்டறை. பட்டறைக்காரரிடம் ஓர் ஒப்பந்தம். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை அவர் மெஷினை ஓட்ட மாட்டார், சாப்பிட்டுத் தூங்குவார். அந்த இரண்டு மணி நேரம்தான் இவர்கள் பிழைப்பு.

மைக்செட்காரருக்கு ‘பாம்புச்செவி’ என்று இன்னொரு பெயர் உண்டு. முப்பது வருஷம் கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர். நாற்பது குழாய் கட்டியிருக்கும் மைதானத்தில் நடுவில் நின்று, அதோ அந்தக் கம்பத்தில் மேலே இருப்பதன் சவ்வு கிழிந்துவிட்டது என்று கை காட்டுவார். ஏறிப் பார்த்தால் கிழிந்திருக்கும். மண்டபங்களில் எல்லாம் சொந்தமாக ஒலியமைப்பு வந்து தொழில் படுத்த பிறகு, மனைவியின் குரலுக்கு வந்து சேர்ந்தார். தொழில் போனாலும் செவி போகவில்லை என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பெருமைதான் வால்வு ப்ரீஆம்பைக் கொண்டுவந்தது. மைக்கிலிருந்து வருகிற சத்தம் ஒரு பொட்டுதான், அதைத் தூக்கிக் கம்ப்யூட்டரில் விட நடுவில் ஒரு பெட்டி வேண்டும். சாதாரணப் பெட்டி ஒன்று இருந்தது. “அதுல உன் குரல் தண்ணி கலந்த பால் மாதிரி இருக்கு” என்று குறைபட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடி வால்வு உள்ள பெட்டியில் போட்டால் குரலுக்குச் சதை பிடிக்கும் என்பது அவர் கட்சி. பெரிய ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று, ஒரே வால்வு வைத்த மலிவான சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினார். முன்பக்கம் இரண்டு குமிழ். முதல் குமிழைக் கூட்டினால் குரல் வால்வுக்குள் முட்டும், ஒரு கனம் ஏறும். இன்னும் கூட்டினால் கரகரக்கும். வால்வு பழசானாலும் கரகரக்கும். இது வால்வோடு பழகிய எவருக்கும் தெரிந்த சங்கதி.

வால்வு சூடேற இருபது நிமிஷம் ஆகும். அதற்காகவே பன்னிரண்டரைக்கெல்லாம் போய்ப் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிடுவார். துடைப்பார், மேலே துணி போட்டு மூடுவார். அவளுக்குச் சிரிப்பு. “என்னங்க, உங்க சின்ன வீடு எழுந்திரிச்சாச்சா? நான் சாப்பிட்டுட்டு வரவா, இல்ல நீங்க ரெண்டு பேரும் இன்னும் பேசணுமா?” என்பாள்.

சூடேறியதும் அவர் மைக் முன் குனிந்து, “ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு” என்பார். முப்பது வருஷப் பழக்கம், விடுமா? பிறகு அவள் உட்காருவாள். முடிந்ததும் அந்த ஒண்ணு ரெண்டு மூணை முதல் வேலையாக வெட்டி எறிவார். தன் குரலைக் கேட்பது அவருக்குப் பிடிக்காது. அதற்குப் பிறகுதான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவளுடையதைக் கேட்பார். காதில் மாட்டிக் கேட்டால்தான் அவருக்குக் கேட்டதாகக் கணக்கு. அடுப்படியில் அவள் பேசுவதெல்லாம் அந்தச் செவிக்குள் போவதில்லை.

பெட்டி வந்து ஏழெட்டு வாரம் இருக்கும். ஒரு நாள், ஆறுகள் பற்றிய பாடம். பதிவு முடிந்து கேட்கையில், பாதியில் அவர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, “அட! என்னமா இருக்கு! இப்படி ஒரு நாளும் வந்ததில்ல” என்றார்.

“நெஜமாவா?”

“கேட்டுப் பாரேன். என்ன கனம், என்ன மெதுவு!”

அவள் கேட்கவில்லை. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது மெல்லப் பாடிக்கொண்டே கழுவினாள். அந்த வாரமே, பாடங்களை வாசிக்கக் கொடுக்கும் பாடக் கம்பெனி அம்மாவிடமிருந்து போன் வந்தது. “குரல்ல ஒரு பக்குவம் வந்திருக்குங்க. இனிமே பெரிய வகுப்புப் பாடமெல்லாம் நீங்களே வாசிங்க.”

மூன்று மாதத்தில் அந்தக் கனம் கரகரப்பானது. மைக்செட்காரர் குமிழைக் குறைத்தார். போகவில்லை. பதிவுக்கென்று வைத்திருந்த நோட்டில் தேதி போட்டு, ‘வால்வில் கரகரப்பு. மாற்ற வேண்டும்’ என்று எழுதினார். புது வால்வுக்கு எழுதிப்போட்டு அது வந்து சேரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் பதிவு இல்லை, அவளுக்கு ஓய்வு. வால்வு வந்து மாட்டினால் குரல் தெளிவாக இருந்தது! அவர் துள்ளாத குறை. “பாத்தியா? நான் சொல்லல?” இரண்டு வாரத்தில் மறுபடி கரகரப்பு. மலிவுச் சரக்கு, ஒரு வால்வும் உழைக்கவில்லை என்று திட்டிக்கொண்டே அடுத்ததற்கு எழுதிப்போட்டார். மறுபடி பத்து நாள் ஓய்வு, மறுபடி தெளிவு. இப்படி மூன்று வால்வு. நடுவில் ஒயரை மாற்றினார், அடாப்டரை மாற்றினார், வால்வின் கால்களை ஸ்பிரிட் விட்டுத் தேய்த்தார். தேய்க்காமல் விட்டது தன் காதை மட்டும்தான்.

மைத்துனி மாதம் ஒரு தடவை போன் பண்ணுகிறவள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. “அக்கா, என்ன உன் தொண்டை தகரம் உரசுற மாதிரி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டு.” அக்காவின் கையிலிருந்து இவர் போனை வாங்கினார். “நாள் பூரா வாசிக்கிற தொண்டை அப்படித்தான்மா இருக்கும். நீ வேற எதையாவது கிளப்பிவிடாதே. எனக்குத் தெரியாதா?”

எச்சிலில் ரத்தம் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரி.

*

‘ரெண்டு மாசத்துல இவ்வளவு வளர்றது அபூர்வம்.’ சனிக்கிழமை முழுக்க அந்தப் பேச்சு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், மைத்துனி வந்து அக்காவைத் துணி எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். கழுத்தில் துளை இருக்கும், முன்பக்கம் திறக்கிற சட்டையாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மைக்செட்காரர் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

எதையும் தூக்கிப்போடாத மனுஷர். வெட்டுவதற்கு முந்தைய பதிவுகள் அத்தனையும் தேதிவாரியாக இருந்தன. நோட்டைப் பிரித்து, ‘வால்வில் கரகரப்பு’ என்று முதன்முதலில் எழுதிய நாளைத் தேடி எடுத்தார். அந்த நாளின் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டார்.

“ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றது அவர் குரல். கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி, ஒரு தூசி இல்லை.

நாற்காலி இழுபடுகிற சத்தம். அவள் ஒரு தரம் இருமினாள். “பாடம் ஒன்பது. மண் வகைகள்” என்று தொடங்கினாள். சொரசொரவென்று இருந்தது.

நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அதே மைக், அதே ஒயர், அதே வால்வு, அரை நிமிஷம்தான் வித்தியாசம். அவர் குரலில் இல்லாத கரகரப்பு அவள் குரலில் மட்டும் எப்படி வரும்? ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற கணக்கு. அடுத்த நாள் பதிவு, அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் அவருடைய ஒண்ணு ரெண்டு மூணு சுத்தமாக இருந்தது. மூன்று வால்வு மாறியும் அது மாறவே இல்லை. பிறகு பின்னோக்கிப் போனார். கரகரப்புக்கு முன்னால் கனம், கனத்துக்கு முன்னால் தெளிவு. தெளிவு முடிந்து கனம் தொடங்குகிற இடத்தைப் பாம்புச்செவி துல்லியமாகக் கண்டுபிடித்தது. ஆறுகள் பாடத்துக்கு நான்கு நாள் முன்பு. இன்றைக்குச் சரியாகப் பதினோரு மாதம்.

காதுக்கருவியைக் கழற்றி வைத்தார். தன் காதை அறுத்து நாய்க்குப் போடலாம் போல இருந்தது அவருக்கு.

சொல்வதா, வேண்டாமா? சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆபரேஷன் முடிந்து, தேறி வந்த பிறகு நிதானமாகச் சொல்லலாமே என்று ஒரு புத்தி சொன்னது. அப்போது அவளால் திட்ட முடியாதே என்று இன்னொரு புத்தி உடனே சொன்னது. கையைக் கட்டிப்போட்டுவிட்டு அடிப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? திட்டுகிற வாய் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். புதன்கிழமைக்குள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவளே வந்தாள். “என்னங்க, கடைசிப் பாடம் ஒண்ணு பாக்கி இருக்கே. இன்னைக்கு முடிச்சிடலாம். வேற யாரோ வந்து என் புத்தகத்தோட வாலை மட்டும் வாசிக்க வேண்டாம். சின்ன வீட்டை எழுப்புங்க.”

அவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. “உட்காரு” என்றார். “உனக்கு ஒண்ணு போட்டுக் காட்டணும்.”

காதுக்கருவியை அவளுக்கு மாட்டிவிட்டு ஓடவிட்டார். அவள் கேட்டாள். முதலில் லேசாகச் சிரித்தாள். “உங்க குரல்.” பிறகு சிரிப்பு நின்றது. அவர் அடுத்ததைப் போட்டார், அதற்கடுத்ததையும் போட்டார். அவளும் அவரோடு இத்தனை வருஷம் அந்த அறையில் உட்கார்ந்தவள்தான். விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

“இது எந்த மாசம்?”

சொன்னார். கனம் எப்போது தொடங்கியது என்பதையும் சொன்னார். “பெட்டிமேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்... தங்கச்சி சொன்னப்பவாவது கேட்டிருக்கணும். டாக்டர் சொன்ன ஏழெட்டு மாசம் நம்ம கையில இருந்துச்சு. நான்தான் வால்வை மாத்திக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

அவள் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒயரைச் சுருட்டி, முடிச்சுப் போடாமல், அவர் வைக்கிற மாதிரியே வைத்தாள். எழுந்து போய்விட்டாள். எதிரே பட்டறைக்காரரின் குறட்டைதான் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்குப் போய் நின்றார். “ஏதாவது சொல்லு. திட்டணும்னா திட்டு. காறித் துப்பு. இப்படி இருக்காதே.”

ஆஸ்பத்திரியில் பழகிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்த எழுதுபலகையை எடுத்தாள். நின்று நிதானமாக எழுதி அவரிடம் காட்டினாள். ‘தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.’

அடுத்த பத்தாவது நிமிஷம் தங்கையைப் போனில் கூப்பிட்டாள். பேசினாள், பேசினாள், ஒரு மணி நேரம் பேசினாள். சின்ன வயசில் திருடித் தின்ற மாங்காய், செத்துப்போன அப்பாவின் கோபம், தங்கையின் மாமியார். நடுவில் மூச்சு முட்டி நின்று மறுபடி பேசினாள். ஒரு வார்த்தையிலும் பதினோரு மாதம் வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காதில் எதையும் மாட்டாமல் அவள் பேச்சை அத்தனை நேரம் அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை பாடக் கம்பெனி அம்மாவிடம் பேசினாள். பால்காரரிடம் பேசினாள். பட்டறைக்காரர் வாசலில் வந்து நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், “அப்ப இனிமே மத்தியானத்துல நான் மெஷின் ஓட்டலாமா தங்கச்சி?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தாராளமா ஓட்டுங்கண்ணே” என்று அவள் சிரித்தாள். “உங்க குறட்டையைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப்போச்சு. அது உங்க மெஷினை விட மோசம்.”

பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே அழுதார். மைக்செட்காரருக்கு மட்டும் பலகை. ‘சாப்பாடு ஆயிற்று.’ ‘சாவி எங்கே.’ ‘பையில் துண்டு வையுங்கள்.’ எழுதி, அவர் படித்ததும் அழித்துவிடுவாள். கோபம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால்கூட அவருக்கு மனசு ஆறியிருக்கும்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். வார்டில் பக்கத்துக் கட்டில் கிழவிக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டினாள். விலைவாசி, விபத்து, வானிலை எல்லாம். தொண்டை அறுந்துகொண்டிருந்தாலும் ஒரு சொல் இடறவில்லை. கிழவி, “எங்கம்மா படிச்ச? ரேடியோ மாதிரி இருக்கு” என்றாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா, ஒண்ணே ஒண்ணு” என்று வேறு யாருக்கும் கேட்காமல் கெஞ்சினார். அவள் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்து, ஆபரேஷன் அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். ஒரு பயிற்சி டாக்டர் பைலோடு வந்தார். சின்ன வயசு, தூக்கம் போதாத கண். எல்லாவற்றையும் திரும்பவும் முதலிலிருந்து கேட்டார். வயசு, சர்க்கரை உண்டா, மாத்திரை ஏதாவது சேராதா. எல்லாவற்றுக்கும் மைக்செட்காரரே பதில் சொன்னார்.

“குரல் கரகரப்பு எத்தனை நாளா? ரெண்டு மாசம்னு போட்டிருக்கு.”

மைக்செட்காரர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள்.

“பதினோரு மாசம்.”

பயிற்சி டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “பதினோரு மாசமா? அடிச்சுத் திருத்தணுமே... அப்பவே ஏம்மா வரல? உங்களுக்கே தொண்டையில தெரிஞ்சிருக்குமே?”

“தெரிஞ்சுது” என்றாள்.

மைக்செட்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பாடம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, தெளிவாக.

“ஒரு முள்ளு மாட்டின மாதிரி தெரிஞ்சுது டாக்டர். ஆனா அன்னைக்குத்தான் இவரு என் குரல் நல்லா இருக்குன்னு சொன்னாரு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல மொதத் தடவை. அதைக் கேட்டுட்டு, எனக்குத் தொண்டை சரியில்லன்னு நான் எப்படி வந்து சொல்றது?”

பயிற்சி டாக்டர் ‘இரண்டு’ என்பதை அடித்துப் ‘பதினொன்று’ என்று எழுதினார். ஆயா வந்து கட்டிலைத் தள்ளினாள்.

மைக்செட்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். மைத்துனி ஓடிவந்து, “அத்தான், அக்கா ஏதாவது சொல்லிச்சா?” என்று கேட்டாள். நல்லா இருக்கு என்று அன்றைக்கு அவர் சொன்னது வால்வுப் பெட்டியை. அதை மட்டும் அவர் மனைவியிடமும் சொல்லவில்லை, மைத்துனியிடமும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.